தாம்பூலம் கொடுத்த பிறகும்

விருந்தும் அரசும் – 9

சென்ற வாரம் உங்களை ஒரு போர்க்கப்பலின் மேல்தளத்தில் நிறுத்தியிருந்தேன். 1945 பிப்ரவரி மாதம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்திக்க ஜித்தாவில் கப்பலேறிய சவூதி மன்னர் இப்னு சவூத், கப்பல் அறையில் தங்க மறுத்துத் தளத்திலேயே கூடாரம் அடிக்கச் சொன்னார். உயிருள்ள ஆடுகளும் அவரோடு கப்பலேறின. தன்னோடு இருப்பவர்களுக்குத் தன் கையால் கறியும் சோறும் போடாமல் பயணம் செய்வது அவர் மண்ணின் வழக்கத்தில் இல்லை. பிப்ரவரி 14 அன்று சூயஸ் கால்வாயை ஒட்டிய ஏரியில் இருவரும் சந்தித்தார்கள். ஓயாமல் சிகரெட் பிடிக்கும் ரூஸ்வெல்ட், மன்னர் எதிரில் இருந்தவரை ஒன்றுகூடப் பற்ற வைக்கவில்லை. மூன்று நாள் கழித்து வந்த சர்ச்சிலோ, புகையும் மதுவும் தன் வாழ்க்கை நெறி என்று சொல்லிவிட்டு மன்னர் முன்னாலேயே இரண்டையும் தொடர்ந்தார். யாரை அந்த மன்னர் அன்போடு நினைவில் வைத்திருந்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பாலைவனத்தில் விருந்து என்பது இரு பக்கமும் கட்டும் கயிறு. கூடாரத்துக்கு வந்தவன் பகைவனே ஆனாலும் மூன்று நாள் அவனுக்குச் சோறும் நிழலும் காவலும் கொடுக்க வேண்டும். வந்தவனுக்கும் கடமை உண்டு. அந்த வீட்டு உப்பைத் தின்றபின் அந்த வீட்டுக்குத் தீங்கு நினைக்கக் கூடாது. வேளை அறிந்து எழுந்திருக்கவும் வேண்டும். மஜ்லிஸில் இடது கையில் தல்லா என்ற கூஜாவைப் பிடித்து, வலது கையால் சின்னஞ்சிறு கோப்பையில் ஏலம் மணக்கும் கஹ்வாவை நீட்டுவார்கள். போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபின் அகில் கட்டை புகையும் தூபக்கால் சுற்றி வரும். தாடியிலும் உடையிலும் அந்தப் புகையை வாங்கிக்கொண்டு விருந்தாளி எழுந்துவிடுவார். அகில் வந்த பிறகு அமர்ந்திருக்கலாகாது என்பது அரபு மக்களின் பேச்சு வழக்கு. போ என்று வாயால் சொல்லும் சங்கடம் வீட்டுக்காரருக்கு இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் இருந்த என் பாட்டி வீடுதான் நினைவுக்கு வந்தது. வந்தவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பாட்டி உள்ளே போய் வெற்றிலைத் தட்டோடு வருவாள். "இருங்கோ, வெத்தலை பாக்கு எடுத்துண்டு போங்கோ" என்பாள். இருங்கோ என்றும் போங்கோ என்றும் ஒரே மூச்சில் சொல்லும் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் வந்தவர்கள் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுவார்கள். அரேபியாவின் அகில் புகையும் மயிலாப்பூர் வெற்றிலையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இரண்டும் கலந்த ஓர் அரசவை, மாட வீதியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. சேப்பாக்கம் அரண்மனை. அங்கே தர்பார் முடியும் அடையாளம் அத்தரும் பானும். விருந்தாளியின் கைக்குட்டையிலோ உடையிலோ அத்தர் தடவி, வெற்றிலைச் சுருளைக் கையில் கொடுத்தால் சந்திப்பு முடிந்தது என்று பொருள். அந்த அத்தரையும் பானையும் ஐம்பது ஆண்டு வாங்கியும் எழுந்திருக்காத ஒரு விருந்தாளியின் கதைதான் இந்த வாரம்.

யார் வீட்டில் யார் விருந்தாளி?

சேப்பாக்கத்தின் தலைவர் நவாப் முகம்மது அலி வாலாஜா. அவர் குடும்பம் வட இந்தியாவில் அவத் பகுதியின் கோபாமாவிலிருந்து வந்தது. தம் வம்சத்தை அரேபியாவில், இரண்டாம் கலீஃபா உமர் வரை கொண்டு செல்வார்கள். 1749 ஆகஸ்ட்டில் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருதீன் கொல்லப்பட்டபோது முகம்மது அலி திருச்சிக்கு ஓடித் தஞ்சம் புகுந்தார். ஒரு பக்கம் சந்தா சாகிப், அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரர்கள். மறுபக்கம் முகம்மது அலி, அவருக்குத் துணையாக ஆங்கிலக் கும்பினி. 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்துக் காத்த கதை பள்ளிப் பாடத்தில் உண்டு. 1763 பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு முகம்மது அலியைக் கர்நாடக நவாப் என்று ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் சென்னைப் பக்கத்து அரசர் ஒருவரின் பெயர் இடம்பெற்றது.

இங்கே நாம் மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. சட்டப்படி வீட்டுக்காரர் நவாப், கும்பினி குடியிருப்பவர். சென்னைக்காகக் கும்பினி ஆண்டுக்கு 1,200 வராகன் குத்தகை கட்டி வந்தது. 1752இல் முகம்மது அலி அதை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். சாந்தோமும் மயிலாப்பூரும் 1749இலேயே அவர் தரப்பிலிருந்து கும்பினிக்குப் போயின. 1763இல் செங்கல்பட்டுச் சீமை ஜாகீராகப் போனது. இன்று நாம் கச்சேரி சாலையில் நடக்கும்போது கால் படும் மண், ஒரு நவாப் தன் விருந்தாளிக்குக் கொடுத்த பரிசுகளில் ஒன்று.

தமிழில் விருந்து என்றால் புதுமை என்று பொருள். புதிதாக வருபவரே விருந்து. வந்தவர் பழகி, கணக்கெழுதி, சாவி கேட்கத் தொடங்கினால் அவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கடற்கரையில் ஒரு தர்பார்

ஆற்காட்டை ஆள வேண்டிய நவாப் சென்னைக்கே குடிவந்தார். பாதுகாப்புக்குக் கோட்டையின் பீரங்கி அருகில் வேண்டும் என்பது ஒரு காரணம். கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்டும் எண்ணம் கைவிடப்பட்டு, 1768இல் கூவத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. கட்டியவர் பால் பென்பீல்டு என்று நகர வரலாற்றில் சொல்லி வருகிறார்கள். கலச மகாலும் ஹுமாயூன் மகாலும் அதன் இரு பகுதிகள்.

அங்கே விருந்தே ஆட்சி முறையாக இருந்தது. படை கும்பினியிடம், வரிப்பணம் கடன்காரர்களிடம். நவாபின் கையில் மிச்சம் இருந்தது மரியாதை செய்யும் உரிமை மட்டும். யாரை எங்கே உட்கார வைப்பது, யாருக்கு எத்தனை குண்டு முழங்குவது, யாருக்குக் கில்லத் என்னும் மரியாதை ஆடை போர்த்துவது, யார் தரும் நஜர் என்னும் காணிக்கையை ஏற்பது. இவற்றை அவர் மிகத் திறமையாகக் கையாண்டார் என்றே நான் நினைக்கிறேன். ஏமாந்த நவாப் என்று அவரைத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

கும்பினிக்கு மேலே ஒரு அரசர் இருக்கிறார் என்பதை அவர் புரிந்துகொண்டார். 1768இல் ஜான் மக்பெர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரைத் தன் ரகசியத் தூதராக லண்டனுக்கு அனுப்பினார். அந்த மக்பெர்சனே பிறகு 1785இல் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தார். 1770இல் மூன்றாம் ஜார்ஜ் அரசரின் தூதராக சர் ஜான் லிண்ட்சே சேப்பாக்கத்துக்கே வந்தார். நடுவில் கோட்டையில் இருந்த கும்பினி ஆளுநரும் சபையும் அதைச் சகிக்க முடியாமல் தவித்தார்கள். வணிகர்களைத் தாண்டி அரசரும் அரசரும் பேசுவது என்ற நிலையை நவாப் உண்டாக்கியிருந்தார்.

1777இல் அவர் சார்லட் அரசிக்கு அனுப்பிய வைரங்கள் இன்றும் ஆற்காடு வைரங்கள் என்ற பெயரோடு உலவுகின்றன. டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் ஆகிய ஓவியர்களை அமர்த்தித் தன் உருவத்தை ஆளுயரத்துக்கு எழுதச் செய்தார். அந்தப் படங்கள் இங்கிலாந்துக்குப் பரிசாகப் போயின. வெள்ளை மஸ்லின் ஜாமா, முத்து மாலை, இடுப்பில் வாள், நிமிர்ந்த தலை. நான் வரமுடியாத உன் வீட்டுச் சுவரில் என் முகம் இருக்கட்டும் என்று அந்தப் படங்கள் சொல்வதுபோல எனக்குத் தோன்றும்.

அரேபியாவையும் அவர் மறக்கவில்லை. மக்காவுக்கும் மதீனாவுக்கும் தொடர்ந்து நன்கொடை அனுப்பினார். நம் பகுதியிலிருந்து ஹஜ் போகிறவர்கள் தங்க அங்கே ரிபாத் என்னும் விடுதிகள் ஆற்காட்டின் பெயரால் நிலைத்தன. சொந்தச் சீமை கைநழுவிக்கொண்டிருந்த ஓர் அரசர், கடல் தாண்டிய பாலைவனத்தில் முன்பின் அறியாத ஏழை யாத்திரிகருக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தார்.

விருந்தின் விலை

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? விருந்தாளியிடமிருந்தே வந்தது. கும்பினிப் படைக்கு நவாப் செலவு கட்ட வேண்டும். கட்டப் பணம் இல்லை. கும்பினி ஊழியர்களே தனிப்பட்ட முறையில் அவருக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டி நூற்றுக்கு முப்பதைத் தாண்டிய காலமும் உண்டு. அடைமானமாக வரி வசூலை எழுதி வாங்கினார்கள். அந்த வட்டியைக் கட்டியவர் கடைசியில் தென்னார்க்காட்டிலும் திருநெல்வேலியிலும் ஏர் பிடித்த குடியானவர். காலையில் சேப்பாக்கத்தில் பான் வாங்கிய கை, மாலையில் கடன் பத்திரம் எழுதியது.

பென்பீல்டு அவர்களில் முதன்மையானவர். 1773இல் நவாபின் பெயரால் தஞ்சாவூர் பிடிக்கப்பட்டபோது அதன் விளைச்சல் மேல் தனக்குப் பாத்தியதை உண்டென்றார். தஞ்சையை மராட்டிய மன்னரிடமே திருப்பித்தர வந்த ஆளுநர் லார்டு பிகாட், அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அதன் முடிவும் ஒரு சாப்பாட்டு மேசையை ஒட்டியே வந்தது. 1776 ஆகஸ்ட் 24. கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அன்று காலை உணவும் பகல் உணவும் பிகாட்டோடு உண்டார். மாலையில் அவருடைய வண்டியிலேயே பக்கத்தில் அமர்ந்து புறப்பட்டார். தீவுத்திடலைக் கடக்கும்போது ஸ்டூவர்ட் முன்பே நிறுத்தி வைத்திருந்த படை அதிகாரிகள் வண்டியை மறித்துப் பிகாட்டைக் கைதுசெய்தார்கள். அடுத்த மே மாதம் பிகாட் காவலிலேயே இறந்தார். ஒரே நாளில் இருமுறை உப்பிட்ட கையை அன்று மாலையே பிடித்துக் கொடுத்தவர்களிடம், நவாப் வீட்டு உப்பு என்ன செய்துவிடும்?

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க், லண்டன் நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் அந்த அவையிலேயே உறுப்பினர்களாக உட்கார்ந்திருந்தார்கள். நவாபின் மகன் காலத்தோடு சேர்த்துப் பின்னாளில் ஒரு குழு கணக்குப் பார்த்தபோது, 3 கோடி பவுண்டு அளவுக்கு வந்த கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மற்றவை ஏற்க முடியாதவை என்று தள்ளப்பட்டன.

உபசார வார்த்தை குற்றமான கதை

முகம்மது அலி 1795இல் காலமானார். மகன் உம்தத் உல் உமரா பட்டத்துக்கு வந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்புவின் அரண்மனையில் கிடைத்த கடிதங்களைக் கும்பினி அதிகாரிகள் புரட்டினார்கள். அவற்றில் சில, 1792 போருக்குப் பின் பணயமாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட திப்புவின் இரண்டு சிறுவர்களோடு வந்த வக்கீல்கள் எழுதியவை. நவாபும் அவர் மகனும் அந்தப் பிள்ளைகளிடம் அன்பாக நடந்துகொண்டார்கள், சுல்தானைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார்கள் என்று அவர்கள் தம் எஜமானுக்கு எழுதியிருந்தார்கள்.

தகப்பனைப் பிரிந்து அந்நிய ஊரில் பணயமாக இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு பெரியவர் வேறெப்படிப் பேசுவார்? வந்த தூதரிடம் அவருடைய அரசரை இகழ்ந்தா பேசுவார்கள்? கும்பினி அந்த மரியாதையைச் சதி என்று படித்தது. உபசார மொழியைத் துரோகத்தின் சங்கேதம் என்று பொருள்கொண்டது. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் வருத்திய இடம் இது. ஒரு பண்பாட்டின் மிக மென்மையான பழக்கத்தையே எடுத்து, அதையே அதன் கழுத்துக்குக் கயிறாகத் திரித்தார்கள்.

1801 ஜூலை. உம்தத் உல் உமரா சேப்பாக்கத்தில் சாகக் கிடந்தார். ஒழுங்கு காப்பதற்கென்று சொல்லிக் கும்பினிப் படை அரண்மனை வாயில்களில் வந்து நின்றது. ஜூலை 15 அன்று அவர் உயிர் பிரிந்தது. அவர் வாரிசாக நியமித்திருந்த அலி ஹுசைனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்துப் பெயரளவு நவாபாக இருக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். அரண்மனையில் நின்ற படைத்தலைவரின் கூடாரத்துக்கு அந்தப் பையனை அழைத்தார்கள். அங்கே ஆளுநர் எட்வர்டு கிளைவ் காத்திருந்தார். அவர் ராபர்ட் கிளைவின் மகன்.

பாலைவனத்தில் கூடாரம் என்பது அடைக்கலத்தின் அடையாளம். அதன் கயிற்றைத் தொட்டவனைக் காப்பது கூடாரத்தானின் கடமை. சேப்பாக்கத்துக் கூடாரமோ நவாபின் சொந்த முற்றத்தில் நின்றது. வீட்டுப் பிள்ளை தன் வீட்டிலேயே விருந்தாளிபோல உள்ளே நுழைந்தான். இரு தலைமுறைக் கடன் கொடுத்த அழுத்தத்துக்கு முன்னால், அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை கடைசியில் மறுத்தான்.  அடுத்த ஆண்டு அவன் இறந்துபோனான். அவனுக்குப் பதிலாக அஜீம் உத் தவுலாவை உட்கார வைத்து, ஜூலை 31 அன்று உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு, நாடு கும்பினிக்கு.

1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசில்லாமல் மறைந்ததும் அந்தப் பெயரளவுப் பட்டத்தையும் டல்ஹவுசி முடித்துவைத்தார். அரண்மனை அரசு கைக்குப் போனது. வருவாய் வாரியம் அங்கே குடியேறியது. இன்று கலச மகாலில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. நதியையும் ஏரியையும் பற்றிய வழக்குகளுக்காக மக்கள் அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள்.

மிஞ்சியது

எல்லாம் போனபின் என்ன மிஞ்சியது என்று பார்க்க ராயப்பேட்டைக்குப் போக வேண்டும். 1867இல் விக்டோரியா அரசி அந்தக் குடும்பத்துக்கு ஆற்காடு இளவரசர் என்ற பட்டத்தை அளித்தார். கும்பினி 1798இல் கட்டிய ஒரு கட்டடத்தை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். 1876இல் அவர்கள் அங்கே குடிபுகுந்தார்கள். அதுதான் அமீர் மகால். சிவப்பு வாயிலும் அதன் மேல் நகரா கொட்டும் மேடையும் பரபரப்பான சாலையில் இன்றும் நிற்கின்றன. படையில்லை, வரியில்லை. வந்தவரை வரவேற்று உட்கார வைத்து உபசரிக்கும் வழக்கம் மட்டும் விடாமல் தொடர்கிறது. வேறு நாட்டுத் தூதர்களும் எல்லாச் சமயத் தலைவர்களும் வந்துபோகும் வீடு அது.

அந்தக் குடும்பத்தின் விருந்து நகரத்தில் வேறு இடங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கபாலீஸ்வரர் கோயில் குளத்து நிலம் நவாப் கொடுத்தது என்று மயிலாப்பூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். முகரம் நாளில் இஸ்லாமியர்கள் அந்தக் குளத்துக்கு வருவதும் அந்த நினைவோடு இணைந்ததே. திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில், தொழுகை மாடத்தின் மேல் பாரசீகத்தில் பொறித்திருக்கும் ஆண்டுக் கணக்குச் செய்யுளை இயற்றியவர் ராஜா மக்கன் லால். நவாபின் அவையில் இருந்த ஓர் இந்து.

ரமலான் மாதத்து மாலையில் அந்தப் பள்ளிவாசலுக்குப் போய்ப் பாருங்கள். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கும் சூஃபிதார் அறக்கட்டளையின் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் சாப்பாடு வந்து இறங்கும். அதைத் தொடங்கியவர் தாதா ரத்தன்சந்த், நாட்டுப் பிரிவினையில் சிந்துவிலிருந்து அகதியாகச் சென்னை வந்தவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தொண்டர்கள், பெரும்பாலும் சிந்தி இந்துக்கள், தலையில் குல்லாய் அணிந்து, ஆயிரம் பேருக்கு மேல் நோன்பு திறக்கப் பரிமாறுகிறார்கள். சமைப்பது சைவ உணவு. வரிசையாக உட்கார்ந்தவர்களில் யார் வசதியானவர், யார் கூலிக்காரர் என்று அவர்கள் கேட்பதில்லை.

ஒருமுறை அந்த முற்றத்தில் ஓரமாக நின்றேன். பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தவர்கள், எதிரில் நின்ற தொண்டரையும் சாப்பிடச் சொல்லி நீட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்த நொடியில் அங்கே யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

வந்த ஊரில் வீட்டுக்காரர் ஆவதற்கு இரண்டு வழிகள் இந்த நகரத்தில் நடந்து காட்டப்பட்டிருக்கின்றன. 1801இல் சேப்பாக்கத்தில் வாயிலை மறித்து நின்றவர்கள் ஒரு வழியில் வந்தார்கள். 1947க்குப் பிறகு வெறும் கையோடு வந்து, கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் மற்றொரு வழியில் வந்தார்கள். முதலாமவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். மற்றவர்களை யாரும் போகச் சொன்னதில்லை. வெற்றிலைத் தட்டு அவர்களுக்காக எடுக்கப்படவே இல்லை.

அதே 1801இல் தஞ்சாவூரிலும், 1799இல் தன் நாட்டை இழந்த ஓர் அரசர் இருந்தார். ஆட்சி போகட்டும், வழிப்போக்கருக்குச் சோறு போடும் சத்திரங்களை மட்டும் குறைத்துவிடாதீர்கள் என்று இரண்டாம் சரபோஜி கும்பினிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தோடு அடுத்த வாரம் ஒரத்தநாட்டுக்குப் போவோம்.

(தொடரும்)